"வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க சார்!" ரெயில் ஏறி ஓடிவரும் சிறுவர்கள் மீண்டும் ஓடுவது ஏன்?

சென்னை,

விடியற்காலை நேரம். வெளியூர் ரெயில் வந்து நிற்கிறது. கூட்டம் கலைந்த பிறகும் பிளாட்பாரத்தில் ஒரு சிறுவன் மட்டும் நிற்கிறான். கையில் ஒரு பை. முகத்தில் மிரட்சி.

"யார் கூட வந்தே தம்பி?" என்று கேட்டால், "மாமா வர்றாரு" என்பான். மாமா வரமாட்டார். அவன் வீட்டை விட்டு ஓடி வந்தவன்!

சென்ட்ரல், எழும்பூர் ரெயில் நிலையங்களில் இது புதிய காட்சி அல்ல. இவர்களைப் பிடிப்பதில் போலீசாருக்கும் புரோக்கர்களுக்கும் போட்டி. "மூணு வேளை சோறு, நல்ல வேலை" என்று ஆசை காட்டி அழைத்துப்போக ஆள் காத்திருக்கிறது.

24 மணி நேரம்

மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. குடும்ப நிலை பற்றிய விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். இறுதி உத்தரவுக்கு 4 மாதம் கெடு. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது இது.

கோட்டை விடுவது எங்கே?

ஊருக்குத் தகவல் போகிறது. தாய் அலறி அடித்துக்கொண்டு வருகிறாள். தகப்பன் பக்கத்தில் நிற்கும்போது, "அப்பா குடிச்சிட்டு அடிக்கிறாரு" என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? தனியாக உட்கார வைத்து, பக்குவமாகப் பேசினால்தான் உண்மை வரும். அவசரத்தில் அது நடக்காவிட்டால், பையன் வீடு சேர்ந்தான் என்று பைல் மூடப்படும். வீட்டில் அதே அடி காத்திருக்கும்!

அப்படிப்பட்டவன் மறுபடி ரெயில் ஏறுகிறான். இந்தத் தடவை உஷார். ஊர் பேரையே மாற்றிச் சொல்கிறான்.

பெற்றோர் தகுதியானவர்களா என்று பார்த்த பிறகே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒப்படைத்த பிறகும் கண்காணிப்பு தேவை. அந்த வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்தால்தான் நிலைமை தெரியும்.

பொதுமக்களுக்கும் பொறுப்பு

ஆதரவின்றி நிற்கும் குழந்தையைக் கண்டு தங்கள் பொறுப்பில் எடுத்தவர்கள் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்!

போன் நம்பர் 1098. இரவு பகல் எப்போதும் பேசலாம். காசு கிடையாது.

"ஏண்டா ஓடி வந்தே?" என்று மிரட்டாதீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். பிள்ளை பேசும்.