வீட்டு முகவரி மறந்த பிறகு கேட்கப்படும் கேள்வி

புது தில்லி: கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் "ஆஷா" பணியாளர்கள், 30 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்துள்ளது. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் போன்றவற்றை முன்கூட்டியே கண்டறிவது அதன் நோக்கம். பின்னர் விரிவாக்கப்பட்ட இப்படிவத்தில், 60 வயதைக் கடந்தவர்களுக்கென நான்கு கேள்விகள் சேர்க்கப்பட்டன. நிற்கும்போது தள்ளாட்டம் உண்டா, உடல் ஊனத்தால் நடமாட்டம் குறைந்துள்ளதா, அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி தேவைப்படுகிறதா என்பவை முதல் மூன்று. நெருங்கியவர்களின் பெயரையோ, சொந்த வீட்டு முகவரியையோ மறந்துவிடுகிறீர்களா என்பது நான்காவது.

முதுமை மறதி நோயாளிக்கு அரசு மருத்துவ அமைப்பு திறந்து வைத்திருக்கும் முதல் வாசல் இந்த ஒற்றை வரிதான். "ஆம்" என்று பதில் வந்தால், அவரை அருகிலுள்ள மருத்துவ அலுவலரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்வி இடம்பெற்றதே முன்னேற்றம் எனலாம். ஆனால், பெற்ற பிள்ளையின் பெயரும் குடியிருக்கும் வீடும் நினைவிலிருந்து நழுவுவது நோயின் தொடக்க நிலை அன்று. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, சில்லறைக் கணக்கில் தடுமாறுவது, விழுங்கிய மாத்திரையை மறந்து மீண்டும் விழுங்குவது ஆகியவை அதற்கு வெகு முன்னரே தலைகாட்டுகின்றன. "வயதானால் அப்படித்தான்" என்று குடும்பத்தினர் ஒதுக்கிவிடும் காலமும் அதுவே. மறதி உள்ளவரிடமே மறதியைப் பற்றிக் கேட்பதில் உள்ள சிக்கல் வேறு.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம் என்றும் அது கூறியது. எழுத்தறிவும் மருத்துவ வசதியும் குறைந்த இடத்தில்தான் நோய் மிகுந்திருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவரின் நினைவாற்றலைச் சோதிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு, தலைநகரை அடுத்த ஹரியாணாவின் பல்லப்கரில் 1990-களிலேயே விடை கிடைத்துவிட்டது. மேலைநாட்டுத் தேர்வில் ஆண்டைக் கேட்கும் இடத்தில், இப்போது காலையா, மாலையா என்று கேட்டனர். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றனர். அவ்வாறு உருவான இந்தித் தேர்வு உலக அளவில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் விரிவான சோதனைத் தொகுப்பையும் உருவாக்கியது. ஆக, கருவி இல்லை என்று கைவிரிக்க இடமில்லை. கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரம் ஒதுக்குவதுதான் கேள்வி.

அறிகுறி இல்லாத முதியோர் அனைவரையும் சோதிப்பதால் பயன் உண்டா என்பதில் மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லை. அதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2020-லும் கூறியது. எனினும், குடும்பத்தினர் மாற்றத்தைக் கவனித்துச் சொல்லும் முதியவரைச் சோதிப்பது வேறு விஷயம். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியாக வெளிப்படுவதுண்டு. இவற்றைச் சரிசெய்ய இயலும். உண்மையான மறதி நோயே ஆனாலும், நிலபுலன், வங்கிக் கணக்கு பற்றிய முடிவுகளை முதியவர் தாமே எடுக்க அவகாசம் கிடைக்கும்.

70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கும் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மறதி நோயாளியின் செலவில் பெரும்பகுதி, வீட்டில் கூடவே இருந்து கவனிக்கும் மகளோ மருமகளோ இழக்கும் கூலி. அதைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.