இறையியலும் இனமும் – 6: கொழும்பில் கேட்கப்பட்ட கேள்வி

கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1899 நவம்பர் 18 அன்று பிறந்தார். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டேடோனா நகரின் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்தார். கிறிஸ்தவச் சபை அவருக்கு முதலில் தந்தது ஒரு காயம். அவருக்கு ஏழு வயதானபோது தந்தை சால் தர்மன் இறந்தார். ரயில்பாதையில் வேலை பார்த்தவர். ஆலயத்துக்குப் போகும் வழக்கமில்லாதவர். அந்தக் காரணத்தைச் சொல்லி உள்ளூர்ப் போதகர் அடக்க ஆராதனை நடத்த மறுத்துவிட்டார். பாட்டி நான்சி ஆம்ப்ரோஸ் விடவில்லை. சபைப் பொறுப்பாளர்களிடம் வாதாடி ஆலயத்தில் இடம் வாங்கினார். ஆனால் பிரசங்கம் செய்ய முன்வந்த ஊர்சுற்றிச் சுவிசேஷகர், இறந்தவரையே உதாரணமாக்கி, மனந்திரும்பாதவன் போகும் இடம் நரகம் என்று பேசித் தீர்த்தார். வளர்ந்தபின் சபைப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முன்வரிசையில் இருந்த சிறுவன் மனதுக்குள் முடிவெடுத்தான்.

அந்த முடிவை மாற்றியதில் பாட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் ஃப்ளோரிடாவின் மேடிசன் பகுதியில் ஒரு தோட்டத்தில் அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் வேதாகமத்தை வாசித்துக் காட்ட வேண்டும். சங்கீதங்கள் வேண்டும், சுவிசேஷங்கள் வேண்டும்; பவுலின் நிருபங்கள் மட்டும் வேண்டாம். அன்பைப் பற்றிய கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்துக்கு மட்டும் விலக்கு. பல ஆண்டுகள் கழித்துத்தான் பேரன் காரணம் கேட்டான். தோட்ட உரிமையாளர் அழைத்துவரும் வெள்ளைக்காரப் போதகர் அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்யும்போதெல்லாம், அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் சொன்ன பகுதியைத்தான் எடுப்பாராம். விடுதலை கிடைத்தால் அதைத் தொடவே மாட்டேன் என்று பாட்டி அன்றே சபதம் செய்திருந்தார். எழுத்தறியாத ஒரு பெண், எந்த வசனம் கடவுளின் குரல், எது எஜமானின் குரல் என்று தானே பிரித்தெடுத்திருந்தார். தர்மனின் பிற்கால இறையியல் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

டேடோனாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏழாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். தலைமையாசிரியர் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து எட்டாம் வகுப்புத் தேர்வு எழுத வைத்தார். உயர்நிலைப் படிப்புக்கு ஜாக்சன்வில் போக வேண்டும். பயணச்சீட்டுக்குப் பணம் இருந்தது. கைப்பிடி உடைந்து, கயிற்றால் கட்டப்பட்ட பெட்டி ஒன்றும் இருந்தது. அடையாளச் சீட்டைக் கைப்பிடியில்தான் கட்ட வேண்டும், கயிற்றில் கட்டக் கூடாது என்றார் ரயில் நிலைய ஊழியர். தனிக் கட்டணம் கட்டி அனுப்பலாம்; அதற்குக் காசில்லை. நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுத சிறுவன் முன்னால் வேலைக்காரர் உடுப்பணிந்த ஒரு கறுப்பினத்தவர் வந்து நின்றார். விவரம் கேட்டார், தோல் பையிலிருந்து பணம் எடுத்துக் கட்டினார், ரசீதைக் கையில் கொடுத்துவிட்டுத் தண்டவாளத்தையொட்டி நடந்து போய்விட்டார். பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்குத்தான் தர்மன் 1979இல் வெளியான தன் தன்வரலாற்றைக் காணிக்கையாக்கினார்.

1923இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம். 1926இல் ராச்செஸ்டர் இறையியல் கல்லூரியில் படிப்பு நிறைவு. ராச்செஸ்டரில் அவர் மதித்த பேராசிரியர் ஜார்ஜ் கிராஸ் ஒரு புத்திமதி சொன்னார்: இனப்பிரச்சினை காலத்தோடு தீரக்கூடியது, அதில் ஆற்றலைச் செலவிடாமல் மனித ஆன்மாவின் நிலையான கேள்விகளைக் கவனிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனாலும் கறுத்த தோலோடு பிறந்தவன் அந்த நிலையான கேள்விகளைத் தோலைக் கழற்றி வைத்துவிட்டுச் சந்திக்க முடியாது என்பது பேராசிரியருக்குத் தெரியவில்லை என்று தர்மன் பின்னாளில் எழுதினார். ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லினில் போதகராகப் பணி தொடங்கினார். 1929இல் ஹேவர்ஃபோர்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சிந்தனையாளர் ரூஃபஸ் ஜோன்ஸிடம் பயின்றார். அகத்தியானமும் சமூக நீதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்ற தெளிவு அங்கே உறுதிப்பட்டது. 1932இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆலயத் தலைவரானார்.

1935இல் அமெரிக்க மாணவர் கிறிஸ்தவ இயக்கம் இந்தியா, பர்மா, இலங்கை நாடுகளுக்கு நல்லெண்ணக் குழு ஒன்றை அனுப்பியது. தலைவர் தர்மன், உடன் அவர் மனைவி சூ பெய்லி தர்மன், எட்வர்ட் கரோல், ஃபெனோலா கரோல். நால்வரும் கறுப்பினத்தவர். கொழும்புச் சட்டக் கல்லூரியில் தர்மன் உரையாற்றி முடித்ததும் கல்லூரி முதல்வர் காபி அருந்த அழைத்துப் போனார். காபிக் கோப்பைகள் அகற்றப்படும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு முதல்வர் கேட்டார்: இங்கே எதற்காக வந்தீர்கள்?

அவர் அடுக்கியவை வெறும் குற்றச்சாட்டுகள் அல்ல, வரலாறு. ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். உலகமே பாடும் கீர்த்தனைகளை எழுதிய ஜான் நியூட்டன் அடிமை வணிகத்தில் சம்பாதித்தவர். புகழ்பெற்ற ஓர் ஆங்கிலேய அடிமைக் கப்பலின் பெயரே இயேசு. விடுதலைக்குப் பின்னும் கிறிஸ்தவ நாட்டில் ஒதுக்கி வைக்கப்படுகிறீர்கள், மரத்தில் தொங்கவிடப்படுகிறீர்கள், எரிக்கப்படுகிறீர்கள். ஆலயத்துக்குள்ளும் பிரிவினை இருக்கிறது. நான் ஓர் இந்து; எனக்கு இது விளங்கவில்லை. உலகத்தின் கறுத்த மக்கள் அனைவருக்கும் நீங்கள் துரோகி என்றே நினைக்கிறேன். உங்கள் பதில் என்ன?

உரையாடல் 5 மணி நேரத்துக்கு மேல் நீண்டது. தர்மன் கோபப்படவில்லை, கிறிஸ்தவ நாடுகளுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. இயேசுவின் மதம் வேறு, இயேசுவைப் பற்றி எழுப்பப்பட்ட மதம் வேறு என்பதே அவர் பதிலின் சாரம். அந்தப் பதிலை அவர் புத்தகமாக முழுமைப்படுத்த 14 ஆண்டுகள் ஆயின.

அதே பயணத்தில், 1936 பிப்ரவரியில், பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார்கள். காந்தி கூடாரத்துக்கு வெளியே வந்து வரவேற்றார். அடிமை முறை, வாக்குரிமை, கும்பல் கொலைகள், பள்ளிகளில் பாகுபாடு என்று அவர்தான் முதலில் கேள்விமேல் கேள்வி கேட்டார். அகிம்சை மக்களிடம் ஏன் வேரூன்றவில்லை என்று தர்மன் கேட்டபோது, பசியோடு சுயமரியாதை இழப்பையும் காந்தி காரணமாகக் காட்டினார். அந்த இழப்புக்கு இந்துக்கள் தம் சொந்த மக்களையே தீண்டாதவராக்கியதும் காரணம் என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி குழுவினர் சிலுவைப்பாட்டைச் சொல்லும் கறுப்பினப் பக்திப்பாடல் ஒன்றைப் பாடினார்கள். கலப்பற்ற அகிம்சையின் செய்தி அமெரிக்கக் கறுப்பின மக்கள் வழியாகவே உலகுக்குக் கிடைக்கக்கூடும் என்று காந்தி சொன்னதை அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் ‘ஹரிஜன்’ இதழில் பதிவு செய்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் அகிம்சைப் போராட்டமான மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு தொடங்க இன்னும் 19 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

இன எல்லைகளைத் தாண்டிய வழிபாட்டுச் சமூகம் சாத்தியமா என்று சோதித்துப் பார்க்கும் உறுதியை தர்மன் தம்பதி இந்தப் பயணத்தின்போதே கைபர் கணவாயில் எடுத்தார்கள். வாய்ப்பு 1944இல் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வெள்ளையரான பிரஸ்பிட்டேரியன் போதகர் ஆல்ஃபிரட் ஃபிஸ்க், பல இனத்தவரும் சேர்ந்து வழிபடும் சபையைத் தொடங்கத் துணை தேடினார். போர்க்காலம் அது. மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். கப்பல் கட்டும் தளங்களுக்குத் தென்மாநிலக் கறுப்பினத் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். பல்கலைக்கழகத்தின் உறுதியான வேலையை விட்டுவிட்டு தர்மன் அங்கே போனார். ‘சகல மக்களின் ஐக்கியச் சபை’ உருவானது. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை நிறம் பார்த்துப் பிரிந்து கிடந்த காலத்தில் அது எளிய காரியமல்ல.

1948இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949இல் ‘இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்’ என்ற நூலாயின. சிறிய நூல்தான், ஆனால் தர்மனின் உச்சம் இதுவே. சுவரோடு சுவராக நெருக்கப்பட்டவர்களுக்குக் கிறிஸ்தவம் சொல்வது என்ன என்ற கேள்வியோடு தொடங்குகிறது. இயேசு யூதர், ஏழை, ரோமப் பேரரசின் காலடியில் கிடந்த சிறுபான்மையைச் சேர்ந்தவர். பவுலுக்கு ரோமக் குடியுரிமை இருந்தது, இயேசுவுக்கு இல்லை. ரோமப் படைவீரன் பள்ளத்தில் தள்ளினாலும் முறையிட அவருக்கு இடமில்லை. அப்படியானால் இயேசுவின் போதனை, அதிகாரமற்றவன் தன் உள்ளத்தை அடிமைப்படாமல் காப்பது எப்படி என்பதற்கான வழி என்கிறார் தர்மன். பாட்டி பவுலை ஒதுக்கியதற்கு இங்கே இறையியல் காரணம் கிடைத்துவிட்டது.

நூலின் அடுத்த அதிகாரங்கள் பயம், வஞ்சனை, வெறுப்பு, அன்பு. வெறுப்பைப் பற்றிய பகுதிதான் இன்றும் உலுக்குகிறது. வெறுக்காதே என்று அவர் சுலபமாகச் சொல்லிவிடவில்லை. நசுக்கப்பட்டவனுக்கு வெறுப்பு ஒரு பிடிமானம், தானும் ஒரு ஆள்தான் என்ற உணர்வைத் தருவது என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறார். அதன்பிறகே அது வெறுப்பவனின் உயிர்ச்சத்தை உறிஞ்சிவிடும் என்கிறார். பழக்கம் உண்டு, தோழமை இல்லை என்ற நிலையில்தான் வெறுப்பு முளைக்கிறது என்பது அவர் கணிப்பு. வெள்ளையர் வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, பின்வாசல் வழியாக வெளியேறிய தலைமுறைகளைப் பார்த்தவரின் சொல் அது.

1953இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆலயத்தின் தலைவரானார். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. மார்ட்டின் லூதர் கிங் அப்போது அங்கே முனைவர் பட்ட மாணவர். கிங்கின் தந்தையும் தர்மனைப் போலவே மோர்ஹவுஸில் படித்தவர். 1958இல் ஹார்லெமில் கிங் கத்தியால் குத்தப்பட்டபோது தர்மன் மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் சொன்ன ஓய்வுக்காலத்தை இன்னும் 2 வாரம் நீட்டி, இயக்கம் எங்கே போகிறது என்று தனிமையில் யோசிக்கும்படி வலியுறுத்தினார்.

அவர் வீதிக்கு வந்து தலைமை தாங்கவில்லை என்ற குறை அன்றே இருந்தது. மோசேயை எதிர்பார்த்தவர்களுக்கு ஞானி ஒருவர் கிடைத்தார் என்ற மனத்தாங்கல் அது. போராடுகிறவர்களின் உள்ளம் உடையாமல் பார்த்துக்கொள்வதைத் தன் வேலையாக அவர் எடுத்துக்கொண்டார். அதைப் போராட்டத்துக்கு வெளியே நிறுத்துவது நியாயமல்ல. 1965இல் ஓய்வுபெற்ற ஆண்டு வெளியான ‘ஒளிரும் இருள்’ நூலில், இனப்பிரிவினை இரு தரப்பு மனதையும் எப்படிச் சிதைக்கிறது என்று எழுதினார். சிறுவயதில் ஒரு வெள்ளையர் வீட்டு முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுச் சிறுமி அவரை ஊசியால் குத்தினாள். அவர் அலறியதும், உனக்குத்தான் வலிக்காதே என்று வியந்தாளாம். கொடுமை செய்கிறோம் என்றுகூட அறியாதபடி ஒரு குழந்தையைச் சமூகம் பழக்கியிருந்தது.

1969இல் இறையியலாளர் ஜேம்ஸ் கோன் கறுப்பின இறையியலையும் கறுப்பின அதிகாரத்தையும் இணைத்து எழுதிய நூல், இன்னும் கூர்மையான போர்க்குரலில் அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைத்தது. கடவுள் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார் என்ற அடித்தளம் அதற்கு 20 ஆண்டுகள் முன்பே தர்மனால் போடப்பட்டிருந்தது. அவர் 1981 ஏப்ரல் 10 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். ஐக்கியச் சபை அதே நகரில் தொடர்ந்து இயங்கி வந்தது. அவருடைய கடிதங்களும் உரைகளும் கட்டுரைகளும் பின்னர் பல தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டன.