இந்தக் கண்ணீருக்கு ஸ்பான்சர் யாரு?

யூடியூப்ல ஒருத்தர் ஒரு ஸ்டாக்கை ஆஹா ஓஹோன்னு புகழ்றார். ஓரத்துல 'பெய்டு ப்ரொமோஷன்'னு குட்டியா போட்டிருந்தா என்ன பண்ணுவீங்க? அவர் சொல்றதுல பாதியைத் தள்ளிட்டுத்தானே கேப்பீங்க? ஆனா போர், டாரிஃப்னு அமெரிக்காவுல இருந்து ஒரு செய்தி வந்தா மட்டும் அப்படி யோசிக்கிறதில்ல. உடனே ஃபண்ட் ஆப்பைத் திறந்துடறோம்.

1990 அக்டோபர் 10. இராக் குவைத்தைப் பிடிச்சு ரெண்டு மாசம் ஆகியிருந்தது. வாஷிங்டன்ல அமெரிக்க எம்.பி.க்கள் சிலர் நடத்தின மனித உரிமைக் கூட்டத்துல, நயிராங்கிற 15 வயசுக் குவைத் பொண்ணு அழுதுகிட்டே பேசினா. ஆஸ்பத்திரிக்குள்ள வந்த இராக் சிப்பாய்கள், இன்குபேட்டர்ல இருந்த பச்சைக் குழந்தைகளை எடுத்துத் தரையில போட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னா. டிவில ஓடுச்சு. அதிபர் புஷ் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட் உறுப்பினர்கள் பலர் விவாதத்துல அதை எடுத்துச் சொன்னாங்க. 1991 ஜனவரி 12 அன்னைக்கு 52-க்கு 47-ன்னு போருக்கு அனுமதி கிடைச்சது. அவ பேச்சாலதான் போர் வந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா வித்தியாசம் வெறும் அஞ்சு ஓட்டு.

ஒரு வருஷம் கழிச்சு, 1992 ஜனவரில, ஜான் மெக்ஆர்தர் நியூயார்க் டைம்ஸ்ல எழுதினார்: நயிரா வேற யாரும் இல்ல, அமெரிக்காவுக்கான குவைத் தூதரோட மகள். அந்தப் பிரசாரத்தை நடத்தினது ஹில் அண்ட் நோல்டன்ங்கிற பி.ஆர். கம்பெனி. கிளையன்ட் பேரு 'சிட்டிசன்ஸ் ஃபார் எ ஃப்ரீ குவைத்'. கேட்டா ஏதோ பொதுஜனம் உண்டியல் குலுக்கின மாதிரி இருக்கும். ஒரு கோடி டாலருக்கு மேல செலவான பணம், கிட்டத்தட்ட முழுசும் குவைத் அரசோடது. போருக்கு அப்புறம் விசாரிச்ச மனித உரிமை அமைப்புகளுக்கு இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கல. (இராக் ராணுவம் அங்க கொலையும் சித்திரவதையும் பண்ணது நிஜம். அதுல சந்தேகம் வேண்டாம்.)

எனக்கு உறுத்துற விஷயம் வேற. அடுத்த நாட்டுக்காக அமெரிக்காவுல வேலை செய்றவங்க அரசுகிட்ட பதிவு பண்ணணும்னு 1938-லயே சட்டம் வந்துடுச்சு. பேரு ஃபாரா. அந்த கம்பெனியும் பதிவு பண்ணித்தான் இருந்தது. ஃபைல் ஆபீஸ்ல இருந்தது, டிவி பார்த்தவங்களுக்குத் தெரியல. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தோட கடைசில மூச்சு விடாம ஒரு வரி ஓடுமே, அது மாதிரிதான்.

நம்ம நாடும் இதுல இருக்கு. 2025 ஏப்ரல்ல இந்தியத் தூதரகம், டிரம்ப்போட முன்னாள் ஆலோசகர் ஜேசன் மில்லரோட கம்பெனியை மாசம் 1,50,000 டாலருக்கு அமர்த்துச்சு. ஆகஸ்ட்ல மெர்குரின்னு இன்னொண்ணு, மாசம் 75,000 டாலர். அதே ஆகஸ்ட்ல 50% டாரிஃப் வந்தே தீர்ந்தது. திருப்பூர்ல ஏற்றுமதி கம்பெனில வேலை பாக்கிறவங்களுக்கு அது வெளியுறவுக் கொள்கை இல்ல, அடுத்த மாசச் சம்பளம்.

இந்தத் தொகையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, எல்லாமே ஃபாரா டாட் கவ் தளத்துல கிடக்கு. இலவசம், லாகின் கூட வேண்டாம். டிவில ஒரு அமெரிக்க நிபுணர் பேசினதைக் கேட்டு டிஃபென்ஸ் ஃபண்டுக்கு மாறலாம்னு தோணுச்சுன்னா, முதல்ல அவர் கம்பெனி பேரை அங்க தட்டிப் பாருங்க. பேர் இல்லைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல. வெளிநாட்டுப் பணம் வாங்குற திங்க் டேங்குகள் பலது இந்தப் பதிவேட்டுல வராது. அவங்க தளத்துலயே நன்கொடை கொடுத்தவங்க பட்டியல் இருக்கான்னு தேடுங்க. அதுவும் இல்லையா, அந்தப் பேட்டிக்காக எஸ்ஐபியை நிறுத்தாதீங்க.