வலி எந்தப் பக்கம்? சரியாகச் சொல்லத் தெரிந்து கொள்ளுங்கள்



"மேலு வலிக்குது டாக்டர்" என்றார் ஒரு அம்மா. டாக்டர் வடக்கே இருந்து புதிதாக வந்தவர். "எதுக்கு மேலம்மா?" என்று கேட்டார். "மேலுன்னா மேலுதான் சாமி, மேலு காலு எல்லாம்" என்று பதில் வந்தது. நம் மதுரைச் சீமையில் மேல் என்றால் உடம்பு என்பது அவருக்குத் தெரியாது. அன்று எல்லோரும் சிரித்தோம். எல்லாத் தடவையும் அப்படிச் சிரிப்போடு முடிவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட முகாம். ஆறு வயதுப் பையன் ஒருவனுக்குத் தொடையிடுக்கில் குடலிறக்கம். முக்கினால், இருமினால் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். டாக்டர் பார்த்துவிட்டு, "சீட்டு எழுதுப்பா, ஆபரேஷனுக்கு அனுப்பணும்" என்றார். நான் பையனுக்கு எதிரே நின்றிருந்தேன். புடைப்பு என் இடது கைப் பக்கம் இருந்தது. "இடது" என்று எழுதிவிட்டேன். அது பையனுக்கு வலது!

ஆபரேஷன் அன்று காலையில் பையன் படுத்திருந்தான். புடைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. என் சீட்டு ஒன்றுதான் சாட்சி. நல்ல வேளையாக அவன் தாயார் பக்கத்தில் நின்றார். "இடது பக்கந்தானேம்மா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்கய்யா, சோத்தாங்கைப் பக்கம்" என்றார். பையனை நிற்க வைத்து இருமச் சொல்லிப் பார்த்தார்கள். தாயார் சொன்னதுதான் சரி. அந்தச் சீட்டை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட தவறு உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆபரேஷன் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுக்கும் முன்பே பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்த இடம் என்று நோயாளியிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும், அந்த இடத்தில் குறி போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டால், "முன்னாடியே சொல்லியாச்சே" என்று சலித்துக் கொள்ள வேண்டாம்.

வலது, இடது என்பது எப்போதும் நோயாளியின் வலது, இடதுதான். பார்ப்பவருடையது அல்ல. மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாறி ஆடுகிறார். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கியவர், இங்கே வலது காலைத் தூக்கியிருக்கிறார். சன்னதியில் எதிரே நிற்கிற நாம் யாருடைய வலதைச் சொல்கிறோம்? சுவாமியின் வலதைத்தானே! உடம்புக்கும் அதே கணக்குத்தான். சின்னப் பிள்ளை என்றால் சோறு உண்ணும் கையைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் பீச்சாங்கைக்காரப் பிள்ளைகளும் உண்டு, கவனம்.

இரண்டாவது, மேல் கீழ். டாக்டர்கள் ஒரு ஆள் நிமிர்ந்து நின்று, நேரே பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்பக்கம் காட்டியிருப்பதாக மனதில் வைத்துக் கொண்டுதான் இடம் சொல்கிறார்கள். நோயாளி கட்டிலில் மல்லாந்து கிடந்தாலும், குப்புறக் கிடந்தாலும், தலைப் பக்கம் மேல், பாதப் பக்கம் கீழ். கூரையைப் பார்த்த பக்கம் மேல் ஆகிவிடாது.

கை கால்களில் இன்னொன்று சேரும். உடம்போடு ஒட்டிய பக்கம் அண்மை, விரல் நுனிப் பக்கம் சேய்மை. உடம்பின் நடுக்கோட்டை ஒட்டியது உட்பக்கம், விலகியது வெளிப்பக்கம். ஆஸ்பத்திரியில் "பிராக்ஸிமல், டிஸ்டல், மீடியல், லேட்டரல்" என்று பேசிக் கொள்வது இவற்றைத்தான். தமிழில் சொல்ல வராது என்பது சரியில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர் வைத்தியப் படிப்பையே தமிழில் நடத்தினார். 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலும் வந்துவிட்டது. ஆனால் நீங்கள் அந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையைத் திருப்பினால் உள்ளும் வெளியும் மாறியது போலத் தோன்றும். அதனால் "கட்டைவிரல் பக்கம்", "சுண்டுவிரல் பக்கம்" என்று சொன்னாலே போதும். பாம்பு கடித்ததா? "வலது கால், கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே, வெளிப்பக்கம்" என்று சொல்லுங்கள். "காலில் கடிச்சிருச்சு" என்றால் இடுப்பிலிருந்து பாதம் வரை கால்தான்.

இப்போது வயிறு. "வயித்து வலி" என்று சொல்லி வருபவர்கள்தான் அதிகம். விலாவுக்குக் கீழிருந்து தொடையிடுக்கு வரை எல்லாம் வயிறுதான். தொப்புளை அடையாளமாக வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு மேலா கீழா, வலதா இடதா, ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். வலி இடம் மாறியதா என்பதையும் சொல்லுங்கள். குடல்வால் வீக்கத்தில் முதலில் தொப்புளைச் சுற்றி வலித்து, பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்குவது வழக்கம். "நேத்து நடுவுல, இன்னிக்கு இங்கன" என்ற ஒரு வார்த்தை டாக்டருக்கு மிகவும் உதவும்.

கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல், மேல்வயிற்றில் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ வலித்து, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால், அது வாயுக் கோளாறு என்று சோடா குடித்துக் கொண்டிருக்க வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். வலிப்பு வரைக்கும் போகும். உடனே பார்க்க வேண்டும்.

தீட்டு தள்ளிப் போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்து மயக்கம் வந்தால், கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருக்கக்கூடும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. குடும்பநல ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் "நமக்குத்தான் ஆபரேஷன் ஆயிருச்சே" என்று இருந்துவிடுகிறார்கள். ஆபரேஷன் தவறுவது அபூர்வம். தவறினால், கரு குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. உள்ளே கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடியைத் தொட்டால் தோள் முனையில் வலிக்கும்! தூக்கிச் சுமந்த வலி என்று தைலம் தேய்த்து நேரத்தைப் போக்கக்கூடாது. அடிவயிறும் வலிக்குது, தோளும் வலிக்குது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழந்தைத் தடுப்பூசியிலும் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். பி.சி.ஜி. இடது மேற்கையில். ஐந்து நோய்க்கான பென்டா ஊசி இடது தொடையின் நடுவில், முன்-வெளிப்பக்கம். நிமோனியா தடுப்பூசி வலது தொடையில். பின்பக்கம் போட்டால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் படக்கூடும் என்பதால் தொடை. வீங்கினால் எந்தத் தொடை என்று நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். எந்த ஊசி என்று அவர் உடனே கண்டுகொள்வார்.

108-க்குப் போன் செய்யும்போது பதற்றம் இருக்கத்தான் செய்யும். நோயாளி பக்கத்தில் அவர் பார்க்கிற திசையையே பார்த்து நின்று கொள்ளுங்கள். அவர் வலதும் உங்கள் வலதும் ஒன்றாகிவிடும். அப்புறம் பேசுங்கள்.