மாலையில் நிறுத்தும் விதமும் காலையில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினும்

வடக்குக் கிழக்குக் கரையோரத்தில் விடியப்புறம் படகு தள்ளும் தொழிலாளிக்கு, எஞ்சின் கயிற்றை இழுக்கும் முதல் ஐந்து நிமிடம் முக்கியமானது. கரையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒருநாள் தொழில் போகும். கடலில் வலை வாங்கி முடித்தபின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. சோளகக் காலத்தில் முல்லைத்தீவுக்கு வெளியே எஞ்சின் நின்ற படகைக் காற்று ஆழ்கடலுக்குத்தான் தள்ளும். வாடைக் காலத்தில் மன்னார்ப் பக்கம் நின்ற படகு கடல் எல்லைக்கோட்டை நோக்கி இழுபடும். எஞ்சின் பழுதாகி இந்தியக் கரையில் ஒதுங்கியவர்களின் செய்திகளை நாம் பல தடவை படித்திருக்கிறோம்.

2004 ஆழிப்பேரலையிலும் 2009இல் முடிந்த போரிலும் படகையும் எஞ்சினையும் பறிகொடுத்த குடும்பங்கள் ஏராளம். நிவாரணமாகக் கிடைத்ததையோ, கடன்பட்டு வாங்கிய பழையதையோ திருத்தித் திருத்தித்தான் பலர் இன்றும் தொழில் செய்கிறார்கள். கரையோரத் திருத்துமிடங்களில் நான் பேசிய மெக்கானிக்குகள் ஏறக்குறைய ஒரே விடயத்தைச் சொன்னார்கள்: ‘ஸ்டார்ட்டர் பழுது’ என்று வரும் எஞ்சின்களில் பலவற்றில் ஸ்டார்ட்டர் நன்றாகவே இருக்கும். பிழை, முதல்நாள் எஞ்சினை நிறுத்திய விதத்தில் இருக்கும்.

மண்ணெண்ணெயின் குணம்

எமது கரைகளில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களில் பெரும்பங்கு மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயில் பிளக்கின் பொறி பற்றாது. அதனால்தான் இந்த எஞ்சின்களைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதிதல்ல.

பலர் தவறவிடுவது இதன் மறுபாதியை. கரைக்கு வரச் சில நிமிடங்கள் இருக்கும்போதே மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். காபரேற்றரில் தங்கியிருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து, அந்த இடத்தில் பெற்றோல் நிறைந்தபின்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், அடுத்தநாள் குளிர்ந்த எஞ்சினுக்குள் முதலில் போவது மண்ணெண்ணெய்தான். எத்தனை தடவை இழுத்தாலும் பிளக் நனையுமே தவிர எஞ்சின் பிடிக்காது. கடலில் வலை வாங்குவதற்காக நீண்டநேரம் நிறுத்தும்போதும் இதே விதிதான்.

இது தெரியாமல் செய்யும் பிழை அல்ல. 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபின், ஒவ்வொரு துளியையும் கணக்குப் பார்த்தே தொழில் நடக்கிறது. பெற்றோலை மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெயிலேயே நிறுத்துகிறார்கள். ஆனால் அந்தச் சில நிமிடப் பெற்றோலின் செலவு, ஒருநாள் தொழிலை இழப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இழுக்க முன் பார்க்க வேண்டியவை

கைவலு முழுவதையும் கயிற்றில் செலவழிக்க முன் நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும். கியர் நியூற்றலில் உள்ளதா? கியரில் இருந்தால் பல எஞ்சின்களில் கயிறே இழுபடாது. அதைப் பழுது என்று நினைத்துக் கழற்றுபவர்களும் உண்டு. நிறுத்தும் பொத்தானில் பாதுகாப்புக் கிளிப் மாட்டியிருக்கிறதா? இல்லாவிட்டால் பொறி வராது. தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் எஞ்சின் பிடித்து, சற்று ஓடி, நின்றுவிடும். எண்ணெய்க் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பம்ப், அமத்தும்போது இறுகுகிறதா? இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியில் எண்ணெய் இல்லை.

இவை சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. குழாய், வடிகட்டி, காபரேற்றர் என்று அந்த வழியில் தேட வேண்டும். நனைந்திருந்தால் எண்ணெய் மிஞ்சிவிட்டது, அல்லது பொறி வரவில்லை. அப்போது சோக்கை உள்ளே தள்ளி, எண்ணெய்க் குழாயையும் பாதுகாப்புக் கிளிப்பையும் கழற்றி, பிளக் இல்லாமல் கயிற்றைச் சில தடவை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். சிந்தியதைத் துடைத்து, ஆவி கலையவிட்டு, காய்ந்த பிளக்கைப் பூட்டி, கழற்றியவற்றை மாட்டி, சோக் இல்லாமல் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் படகில் பீடி, சிகரெட் எதுவும் பற்றவைக்கக் கூடாது.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பது இன்னொரு காரணம். சிறிதளவை வெள்ளைப் போத்தலில் விட்டு வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். பரலிலிருந்து ஊற்றும்போது வடியுடன் கூடிய புனலைப் பாவிப்பதும், பரலின் அடிமட்ட எண்ணெயைத் தாங்கிக்குள் விடாதிருப்பதும் நல்லது.

கயிறும் சுருளும்

ஸ்டார்ட்டரே பழுதாவதும் உண்டு. கயிற்றை எடுத்தவுடன் வெட்டி இழுப்பதால்தான் பெரும்பாலும் அது நடக்கிறது. முதலில் மெதுவாக இழுத்து, உள்ளே பிடிபடுவது கையில் தெரிந்தபின் நேராகப் பலமாக இழுக்க வேண்டும். கடைசிவரை இழுக்கவும் கூடாது, கைவிட்டுச் சுண்ட விடவும் கூடாது. கையோடு திரும்ப விட வேண்டும். சுண்ட விட்டால் சுருள்வில் முறியும். கயிறு சும்மா சுழன்று எஞ்சின் சுழலாவிட்டால், உப்பேறிய பிடிபற்கள் இறுகியிருக்கலாம். சுருள்வில்லைத் தகுந்த ஆயுதங்கள் இல்லாமல் திறக்கக் கூடாது. அது பாய்ந்து வந்து கண்ணைத் தாக்கக்கூடியது.

கடலில் கயிறு அறுந்தால், மேல்மூடியையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, ப்ளைவீலில் உள்ள வெட்டில் முடிச்சிட்ட கயிற்றைச் சுற்றி இழுக்கலாம். ஆனால் அப்போது கியர்ப் பூட்டு வேலை செய்யாது. நியூற்றலில் இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பின்னால் ஆள் நிற்கக் கூடாது. சாரத்தையும் தளர்ந்த சட்டையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். எஞ்சின் பிடித்தபின் சுழலும் ப்ளைவீலுக்குக் கிட்டக் கை போகக் கூடாது, ஸ்டார்ட்டரைத் திரும்பப் பூட்டவும் முயலக் கூடாது.

கரை வந்தபின்

நன்னீர்ப் பரலில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டால் உள்ளே உப்புத் தங்காது. மேல்மூடியைத் திறந்து ஈரத்தைத் துடைத்து, பிளக் வயர்கள், கயிறு, பிடிபற்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நார் பிரியத் தொடங்கிய கயிற்றைக் கரையிலேயே மாற்றிவிட வேண்டும். மாரிகாலத்தில் நாட்கணக்கில் தொழில் இல்லாதபோது, காபரேற்றரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தங்கிய எண்ணெயை வடித்துவிடலாம். பற்றரியில் ஸ்டார்ட் ஆகும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் பற்றரி முனைகளில் பூக்கும் வெள்ளைப் படிவைச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு புதிய பிளக், பிளக் சாவி, திருகாணி முடுக்கி, இரண்டு பாகம் நல்ல கயிறு, காய்ந்த துணி, இறுக்கி மூடிய சிறு கலனில் பெற்றோல். இத்தனையும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் அடங்கும். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலோ சங்கத்திலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் இதே பட்டியலில் சேரும். எஞ்சின் எங்கே நின்றது என்று தெரியாவிட்டால் தேடிப் போகும் படகுக்கும் வழி தெரியாது.