மாம்பலத்திலிருந்து கடலடிக்கு!
சிக்கனச் செலவில் ஒற்றை ஆளாக ஒரு முத்துக்குளிப்புப் பிரயாணம்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. 1920-களில் அந்த நீண்ட ஏரியைத் தூர்த்து, தண்டவாளத்துக்குக் கிழக்கே தியாகராய நகரை எழுப்பிவிட்டார்கள். இன்று பேட்டைவாசிக்குத் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், ஐப்பசி மழைக்குச் சுரங்கப் பாதையில் தேங்கும் தண்ணீர், அவ்வளவுதான்.

ஆனால் மனிதனுடைய ஆசைக்கு ஏரி எதற்கு? ஒற்றை அறையில் குடியிருந்து, வாடகையும் மெஸ் பில்லும் கொடுத்தது போக மிச்சம் பிடித்த காசில், ஒரு தடவையாவது கடலுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் இந்தப் பேட்டையிலும் உண்டு. ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கூட வர ஆள் கிடைக்காது. நண்பனுக்கு லீவு இல்லை. அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் பயம். அம்மாவுக்கோ கேட்டவுடனே மயக்கம். ஆகவே தனியாகத்தான் போக வேண்டும். அதுவும் சிக்கனமாகப் போக வேண்டும்.

முடியுமா? முடியும். ஆனால் எதில் சிக்கனம், எதில் தனிமை என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போனால் நஷ்டம் பணத்தோடு நிற்காது.

யுத்த காலத்து வால்வு

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு நீருக்குள் மூழ்கும் இந்த வித்தைக்கு 'ஸ்கூபா' என்று பெயர். இதற்கு வழி செய்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ; மற்றவர் எஞ்சினீயர் எமில் காஞ்ஞான். ஆண்டு 1943. ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்துவைத்திருந்த காலம். பெட்ரோல் பஞ்சத்தினால் மோட்டார் கார்களை வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் காஞ்ஞான் செய்திருந்த ஒரு வால்வைத்தான் இருவரும் மாற்றி அமைத்தார்கள். மனிதன் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், வேண்டிய அளவு காற்றைக் கொடுத்தது அது.

உருளைக்குள் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் சாதாரணமாக 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள்.

கரிபியன் கனவு

கடலடிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது கரிபியன் கடல். அங்கே பொனேர் என்று ஒரு சிறு தீவு. டச்சுக்காரர்களுக்குச் சொந்தம். 1979-லேயே சுற்றியுள்ள கடல் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கிவிட்டார்கள். கடற்கரைச் சாலையோரத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய கற்கள் நிற்கும். ஒவ்வொரு கல்லிலும் இறங்கும் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை வாடகைக்கு எடுத்து, உருளைகளை ஏற்றிக்கொண்டு, வேண்டிய கல்லுக்கு எதிரே நிறுத்திக் கடலில் நடந்து இறங்க வேண்டியதுதான். படகு வாடகை இல்லை. அதனால் கரிபியனிலேயே சிக்கனக்காரர்கள் விரும்பும் தீவு அது.

ஆனால் அந்தச் சிக்கனம் அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்களுக்குத்தான். சென்னையிலிருந்து ஐரோப்பா வழியாகப் போய், அங்கிருந்து அட்லாண்டிக்கையும் தாண்ட வேண்டும். விசா வேறு. தீவில் மிச்சம் பிடிப்பதை விமான டிக்கெட் விழுங்கிவிடும். லட்சக் கணக்கில் செலவாகும் கனவு அது. சில பத்தாயிரங்களில் முடிகிற கனவு ஒன்று நம் வங்கக் கடலிலேயே இருக்கிறது.

பீச் ஸ்டேஷனிலிருந்து அந்தமான்

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் கடைசியில் பீச் ஸ்டேஷன். அதற்கு எதிரே துறைமுகம். அந்தத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு அரசாங்கக் கப்பல் போகிறது. சுமார் 1,200 கிலோமீட்டர். ஏறக்குறைய இரண்டரை நாள் பிரயாணம். மாதத்தில் சில தடவைதான் கப்பல் உண்டு. தேதியும் மாறும். அடுக்குக் கட்டில் போட்ட பெரிய கூடம்தான் மலிவான வகுப்பு. தீவுக்குத் திரும்புகிற குடும்பங்கள், கொத்தனார்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கப்பலே ஒரு தெருவாக இருக்கும். புளியோதரையும் ஊறுகாயும், குமட்டலுக்கு மாத்திரையும் கையோடு எடுத்துப் போவது உசிதம்.

போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து அரசாங்கப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம் போனால் ஹாவ்லாக் தீவு வரும். 2018-ல் அதற்கு சுவராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். ஊர்களுக்கு எண்தான் பெயர்: படகுத் துறை இருப்பது 1-ஆம் எண் கிராமம், கடைத்தெரு 3-ஆம் எண். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் சந்ததியார் அங்கே நிறைய. மீன் குழம்பும் சோறும் மலிவாகக் கிடைக்கும். சைக்கிளோ ஸ்கூட்டரோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கம்பி இந்தத் தீவையும் தொடுவதால், அம்மாவோடு பேசுவதும் முன்போல் கஷ்டமில்லை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் தெளிவாக இருக்கும். பவளப் பாறைகளுக்கு மேலே கிளிமீன்கள் அலகால் பாறையைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். கடற்சாமந்திகளின் கொட்டும் விரல்களுக்கு நடுவே கோமாளி மீன் அச்சமின்றிக் குடித்தனம் நடத்தும். அதிர்ஷ்டம் இருந்தால் ஆமையும் வரும். எல்லாப் பாறையும் வர்ண ஜாலமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2010-ல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருவாரியாக வெளுத்துப்போயின. உயிர் மீண்டவையும் உண்டு, மீளாதவையும் உண்டு. கீழே கிடக்கும் பவளத் துண்டைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம்.

தென்மேற்குப் பருவக் காற்றில் அந்தமான் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலையில், போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் சுவாமி மலைக்கு அடியில் கடலில் கிடக்கின்றன. 1956-ல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்து எழுதியது இவற்றைத்தான். அந்த வருஷம் இலங்கைக்கு வந்த கிளார்க், 2008-ல் காலமாகும்வரை அங்கேயே தங்கிவிட்டார். கடல் அப்படிப் பிடித்து வைத்துக்கொண்டது!

மச்சான் பிடித்த கயிறு

'தனியாகப் போகலாம்' என்றோமே, அது கரை வரைக்கும்தான். தண்ணீருக்குள் தனியாக இறங்கக் கூடாது. இந்த விதியைச் சொல்லித்தர வெள்ளைக்காரன் வர வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் நம்மவர்களுக்கு நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம் இது.

தூத்துக்குடிப் பக்கத்தில் 1961 வரைக்கும் முத்துக் குளிப்பு நடந்தது. ஒரு கனமான கல்லின் மேல் காலை வைத்து, வலைப்பையோடு சரசரவென்று அடிமட்டத்துக்கு இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவார்கள். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால், தோணியிலிருப்பவன் மேலே தூக்குவான். அவன் கண் அசந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. அதனால்தான் கயிற்றைப் பிடிக்க மச்சானையே வைப்பார்கள் என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு. கூடப் பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா!

இன்று கயிறு இல்லை. அதற்குப் பதில் ஒரு ஜோடி. ஒருவருடைய காற்று தீர்ந்தால் மற்றவருடைய இரண்டாவது குழாயில் மூச்சு விடலாம். வாயில் குழாய் இருப்பதால் பேச்சு கிடையாது. எல்லாம் கை ஜாடை. கட்டை விரலை உயர்த்தினால் 'பிரமாதம்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால்தான் 'சௌக்கியம்'.

ஒற்றை ஆளாக வருகிறவருக்குப் பயிற்சி நிலையத்தாரே ஜோடி சேர்த்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர் அவர். ஆகவே இறங்குமுன் அவரோடு ஐந்து நிமிஷம் பேசி, ஜாடைகளை ஒத்துப்பார்த்து, ஒருவர் சாதனத்தை மற்றவர் சோதிக்க வேண்டும். இதில் கூச்சப்படக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு மச்சான் அவர்தான்.

சுறாவைவிட மூச்சு பொல்லாதது

அந்நாளில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரரை வைத்திருந்தார்கள். இன்றைக்கு மூழ்குகிறவருக்குச் சுறாவால் வரும் ஆபத்து மிகச் சொற்பம். ஆபத்து அவருடைய மூச்சிலேயே இருக்கிறது.

முத்துக் குளிப்பவர் கரைக்காற்றை இழுத்துக்கொண்டு போனார், அடக்கலாம். ஸ்கூபாக்காரர் ஆழத்தில் அழுத்தமான காற்றை இழுக்கிறார். அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு பங்காக விரியும். நுரையீரல் கிழிந்துபோகும்.

இன்னொன்று நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெள்ள ஏறினால் மெள்ள வெளியேறும். அவசரமாக ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் உடம்புக்குள் குமிழி விடும். மூட்டு வலியில் தொடங்கி முடக்குவாதம் வரை கொண்டு போகும் வியாதி அது. அதனால் நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று வர வேண்டும்.

கரையேறிய பிறகும் கணக்கு முடியவில்லை. உயரே பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. அங்கேயும் குமிழி விடலாம். ஒரே தடவை மூழ்கினவர் 12 மணி நேரமும், பல தடவை மூழ்கினவர் 18 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த குறைந்தபட்ச அளவு. லீவு தீர்கிறதே என்று காலையில் மூழ்கி மாலையில் விமானம் ஏறுவது மகா தவறு. கப்பலில் திரும்புகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. மலிவான வழியே பத்திரமான வழியாகவும் அமைவது அபூர்வம்!

எதில் சிக்கனம்?

பயிற்சிக் கட்டணம்தான் பெரிய செலவு. பயிற்சியே இல்லாதவர் ஆசிரியர் கூடவே, 12 மீட்டருக்குள் ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம். முழுப் பயிற்சி என்றால் மூன்று நான்கு நாள். நான்கு தடவை கடலில் இறங்க வேண்டும். 18 மீட்டர் வரை போக அத்தாட்சி கிடைக்கும். அதற்கு 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிஷம் மிதக்கவும் தெரிய வேண்டும். இதை மெரீனா நீச்சல் குளத்திலோ, வேளச்சேரியிலோ சில மாதம் முன்னதாகவே பழகிக்கொள்வது நல்லது. பாடத்தை வீட்டிலேயே படித்து, குளத்துப் பயிற்சியைச் சென்னையில் முடித்து, கடல் பாகத்தை மட்டும் தீவில் வைத்துக்கொண்டால் அறை வாடகை மிச்சம்.

உடுப்பும் உருளையும் வாடகைக்கே கிடைக்கும். முகமூடி மட்டும் சொந்தமாக இருக்கலாம். முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்குப் பவர் வைத்த முகமூடி உண்டு. மீசைக்காரர்களுக்குத்தான் தொல்லை: மீசை வழியே தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே கொஞ்சம் கத்தரித்தால் தீர்ந்தது.

ஆஸ்துமா, இருதயக் கோளாறு, காது நோவு உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் காட்டி எழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணத்துக்குப் பயந்து பாரத்தில் 'இல்லை' என்று எழுதுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. சாதாரணப் பிரயாண இன்ஷ்யூரன்ஸ் பலவற்றில் மூழ்குதல் சேர்வதில்லை. கேட்டுத் தெரிந்து, சேரும்படியானதாக எடுக்க வேண்டும். குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை மிக அருகில் எங்கே இருக்கிறது என்பதையும் போன முதல் நாளே விசாரித்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்வது. ஜலதோஷம் பிடித்தால் காது அடைக்கும், மூழ்கக் கூடாது. காற்று மாறினால் கடல் கலங்கும், மூழ்கக் கூடாது. ஆனால் 'இவ்வளவு செலவழித்து வந்துவிட்டோமே' என்று கொடுத்த பணம் பிடரியைப் பிடித்துத் தள்ளும். வசதியுள்ளவன் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருப்பான். ஒரே ஒரு தடவை வந்திருக்கும் சிக்கனக்காரனால்தான் சும்மா இருக்க முடியாது. ஆகவே அந்த உபரி நாளுக்கான சோற்றுக்கும் அறைக்கும் உள்ள காசை, ஊரில் மற்றெல்லாக் கணக்கும் போடுவதற்கு முன்பே தனியாக முடிந்து வைத்துவிட வேண்டும். மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்கக் கூடாது.