இடைகழியில் பிறந்த இசை

முதலாழ்வார்களின் சரித்ரத்தில் பெருமழை தவிர்க்கவொண்ணாத ஓர் அங்கம். காரிருளில் புயலும் மழையும் துரத்த, பொய்கையாழ்வார் திருக்கோவலூரில் ம்ருகண்டு மஹர்ஷியின் ஆச்ரமத்து இடைகழியில் ஒதுங்கினார் என்று பெரியோர் பணிப்பர். ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவுடைய இடம் அது. பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் அடுத்தடுத்து வர, மூவரும் நின்றனர். நான்காமவனாக எம்பெருமான் புகுந்து நெருக்கினான். அந்நெருக்கத்தில் மூன்று திருவந்தாதிகளும் அவதரித்தன.

இங்கே ஓர் ஐயம் எழும். 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை கரைபுரண்டது. வீட்டையும் விளைச்சலையும் இழந்தவனிடம் சென்று, 'மழையும் பகவத் ஸங்கல்பமே; அந்தாதிகள் நமக்கு அதனாலன்றோ கிடைத்தன' என்று உபந்யஸிப்பது தகுமோ? தகாது என்பதே அடியேன் துணிபு. மழை அங்கே நிமித்த மாத்திரம். கிடந்தவர் எழுந்து அமர்ந்ததும், அமர்ந்தவர்கள் எழுந்து நின்றதும் அன்றோ பாசுரத்திற்கு இடம் தந்தன? ஒருவர் கதவை அடைத்துக் கிடந்திருந்தால், மழை மட்டும் பெய்து ஓய்ந்திருக்கும்.

பொய்கையார் ஏற்றிய விளக்கையும் நோக்க வேண்டும். பூமியை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் அவர் அமைத்தார். புயல் எழுந்து வருவது கடலிலிருந்து. அவ்விரவு மறைந்திருந்தது கதிரவன். அச்சம் விளைத்த கடலையும் காணாதிருந்த ஒளியையும் அவர் பகைப்பொருளாகக் கொள்ளாமல் கைங்கர்யத்திற்குரிய த்ரவ்யங்களாகவே கொண்டார். சேதநாசேதநங்கள் யாவும் அவனுக்குச் சரீரம் என்று பின்னாளில் பாஷ்யத்தில் ஸ்தாபிக்கப்பட்ட அர்த்தம், இங்கே ஒரு வெண்பாவில் அடங்கிக் கிடக்கிறது. பூதத்தார் அன்பையே அகலாக்கி விளக்கை உள்ளே ஏற்றினார். பேயார் இரண்டின் ஒளியிலும் அவனைக் கண்டார்.

இவை இயற்பாவில் சேர்ந்தவை. பண்ணும் தாளமும் இட்டுப் பாடும் இசைப்பாவில் எண்ணப்படா. ஆயினும் வெண்பாவுக்குரிய செப்பலோசையும், ஒன்றன் முடிவு அடுத்ததன் முதலாகத் தொடரும் அந்தாதித் தொடையும் கோஷ்டியில் ஸேவிக்கும்போது தாமே ஓர் இசையாகும். நூறு வெண்பாக்களை இடைவிடாது ஸேவித்துப் பார்த்தவர் இதற்கு ப்ரமாணம் கேளார்.

ஸ்வாமி தேசிகன் தேஹளீச ஸ்துதியில் இந்த நெருக்கத்தையே ரஸமாக்குகிறார். எம்பெருமான் பெண்ணைக்கரையில் விளைந்த கரும்பு; பொய்கையார் முதலிய கவிகள் நெருக்கிப் பிழிய அவனுடைய ரஸம் பெருகியது என்பது கருத்து. வேறு எந்த உவமையும் அவருக்குக் கிடைக்காமற்போகவில்லை. அவ்வூரார் நாள்தோறும் காணும் பயிரையே எடுத்தார். இன்றும் இம்மாவட்டத்தில் கரும்பு விளைகிறது. அவ்வெள்ளத்தில் நெல்லோடு கரும்பும் நீரில் நின்றது.